அந்தப் பத்தாயிரம் அடி நான் அடித்தது

வவாவு தீவு
செவ்வாய்க்கிழமை

ஆக்லாந்தில் வசிக்கும், எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மேலான, மரியாதைக்குரிய லாவினியா அண்ணிக்கு, உங்கள் தம்பி செமிசியின் மனைவி பிசிலா முழந்தாளிட்டு எழுதுவது.

கர்த்தர் இந்த வாரமும் எங்களை உயிரோடு வைத்திருக்கிறார், அதற்கு ஸ்தோத்திரம். உங்கள் முட்டி, உங்கள் சபை, சபையின் புதுக் கூரை எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது. கறுப்புப் பன்றி ஏழு குட்டி போட்டு, ஒன்றின் மேல் படுத்துவிட்டது. நான் இன்னும் கறுப்பு உடுத்தி, அடக்கத்தன்று கட்டிய அந்தப் பெரிய கிழிந்த பாயைத்தான் இடுப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டு முழந்தாளிட முடியாது. மேலே முழந்தாளிட்டு என்று எழுதியது மரியாதைக்கு. உண்மையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் பொய்யே கூடாது என்று முடிவு செய்திருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை உங்கள் மகள் சாலோமே போன் பண்ணினாள். அழுதாள். "அத்தை, அம்மா நடக்கிறதையே விட்டுட்டாங்க. கடிகாரத்தைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டாங்க. கேட்டா, 'உங்க மாமா தினம் பத்தாயிரம் அடி நடந்தான், அம்பத்தாறு வயசுல போயிட்டான். நடந்தா பரலோகத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேரலாம், வேற என்ன லாபம்'னு சொல்றாங்க. சர்க்கரை ஏறிப்போச்சு. கால் கட்டைவிரல் கறுத்திருக்கு. டாக்டர் திட்டுறார், காதுல வாங்க மாட்டேங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்களா அத்தை?" என்றாள். நான் சொன்னால் நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்? சாவு வீட்டில் நீங்கள் தலைமாட்டில் உட்காருகிறவர், நான் கால்மாட்டில் உட்காருகிறவள். ஆனால் அந்தக் கட்டைவிரலை நினைத்து மூன்று நாளாக எனக்குக் கிழங்கு இறங்கவில்லை. போனில் சொல்ல வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணி, உங்கள் தம்பி நடக்கவில்லை. அந்தப் பத்தாயிரம் அடி நான் அடித்தது.

கோபப்படாமல் கடைசி வரை படியுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் கப்பலில் ஒரு டிரம் நிறையச் சாமான் அனுப்பினீர்கள் அல்லவா, அதில் கொழுப்பு மிதக்கும் மாட்டிறைச்சி டின் இருபத்து நாலு இருந்தது, அதற்கு மேல் இந்தக் கடிகாரம் இருந்தது. உங்கள் தம்பி டின்னை ஒரு கையிலும் கடிகாரத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, "அக்கா இதையும் குடுத்து இதையும் குடுத்திருக்காங்களே, எதை முதல்ல செய்யிறது?" என்று கேட்டார். டின்னை முதலில் செய்தோம். அப்புறம் நீங்கள் போனில் எல்லாம் விளக்கினீர்கள்: கடிகாரம் அவர் நடக்கிற அடியை எண்ணும், எண்ணி அவர் போனுக்குச் சொல்லும், அது ஆக்லாந்தில் உங்கள் போனுக்குச் சொல்லும், தினம் பத்தாயிரம் வர வேண்டும், அவர் பேர் உங்கள் சபையின் எடை குறைக்கும் போட்டியில் உங்கள் அணியில் சேர்த்தாகிவிட்டது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டு, நின்றபடியே "சரிக்கா, சரிக்கா, சரிக்கா" என்றார். மூத்த அக்காளிடம் முடியாது என்று சொல்கிற ஆண்பிள்ளை இந்தத் தீவுகளில் இன்னும் பிறக்கவில்லை, அது உங்களுக்கே தெரியும். முதல் நாள் வாசல் வரைக்கும் போய் வந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. சாயங்கால ஜெபம் முடிந்ததும் நீங்கள் கூப்பிட்டீர்கள். மறுபடி எழுந்து நின்றார். நிற்பதற்கு அந்தக் கடிகாரம் ஒன்றும் தருவதில்லை. தந்திருந்தால் உங்கள் போனுக்கே அவருக்கு ஆயிரம் அடி வந்திருக்கும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, கை அரிக்கிறது என்று கழற்றி என்னிடம் கொடுத்தார். தொலைந்துவிடுமே என்று என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பட்டைத்துணி அடிக்கப் போனேன். கொட்டகையில் அன்றைக்கு நாங்கள் எட்டுப் பேர், எதிரும் புதிருமாக உட்கார்ந்து, நீளக் கட்டையில் ஈரப்பட்டையை விரித்துக் கொட்டாப்புளியால் டொக் டொக் என்று மத்தியானம் வரைக்கும் அடித்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடிகாரத்தில் ஒன்பதாயிரத்து எழுநூறு. நான் பயந்துபோய் ஃபிஃபிதாவிடம் காட்டினேன். உங்களுக்குத் தெரியுமே, எங்கள் கூட்டத்துக்குத் தலைவி, ஒரு பல் இல்லாதவள். அவள் சொன்னாள்: "அந்தக் கடிகாரத்துக்குக் கையும் தெரியல காலும் தெரியலடி. நம்ம போதகர் மாதிரி, சத்தம் கேட்டாப் போதும்னு இருக்கு." உங்கள் தம்பி முகத்தில் அந்த நிமிஷம் வந்த சிரிப்பை நான் கல்யாணத்தன்று பார்த்தது. "அடின்னா அடிதானே பிசிலா. கால்ல அடிச்சா என்ன, கையில அடிச்சா என்ன?" என்றார். சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டு, "என் தங்கமே, ஒன்பதாயிரத்து எழுநூறு!" என்று போனில் அழுதீர்கள். அவரும் அழுதார். போனை வைத்துவிட்டு, "பாவந்தான். ஆனா அக்கா எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க பாத்தியா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நானும் விழுந்துவிட்டேன்.

அதற்கப்புறம் தினமும் எட்டு மணிக்குக் கடிகாரம் என் கைக்கு வரும், மத்தியானம் அவர் கைக்குப் போகும். நான் வரும்போது அவர் அந்த நாற்காலியில்தான் இருப்பார், காலையில் விட்டபடியே. எனக்கென்று ஒரு கேக்கே, அதுதான் எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, வைத்திருப்பார். "போதகர் வீட்டுல குடுத்தாங்க" என்பார். நான் தின்றுவிட்டுத் தேநீர் குடிப்பேன். போதகர் வீட்டில் நம் மேல் இத்தனை அன்பா என்று மனம் நிறைந்து போதகர் மனைவிக்கு ஒரு நல்ல பாய் பின்னிக் கொடுத்தேன். அவள் எதற்கு என்று கூடக் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தோம். ஒரு தடவை கல்யாணத்துக்குப் பெரிய துணி அவசரமாக வேண்டியிருந்தது, ஆள் மாற்றி ஆள் அடித்தோம், கடிகாரத்தையும் ஆள் மாற்றி ஆள் கட்டிக்கொண்டார்கள், ஃபிஃபிதாவுக்கு அதில் போட்டி வேறு. முப்பத்தோராயிரம் வந்துவிட்டது. நீங்கள் கூப்பிட்டீர்கள். "செமிசி, என்னடா, தீவையே சுத்தி வந்துட்டியா?" "ஆமாக்கா." "முப்பத்தோராயிரத்துக்கு அங்க ரோடு எங்கடா இருக்கு? கடல் மேல நடந்தியா? பேதுருவுக்கே நாலு எட்டுக்கு மேல முடியலடா!" அவர் வேர்த்து விறுவிறுத்து, "அங்கயே அங்கயே சுத்தினேன்க்கா" என்றார். அது ஒருவிதத்தில் உண்மை. இன்னொரு தடவை ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு நாங்கள் அடிப்பதில்லை, யாரும் நடப்பதும் இல்லை, கோவிலுக்குப் போய் வந்தால் நூறோ இருநூறோ வரும், நீங்களும் அதை மெச்சுவீர்கள். அன்றைக்குக் கடிகாரத்தைக் கழற்ற மறந்து பாட்டுக் குழுவை நடத்தப் போய்விட்டார். அவர் பாட்டு நடத்தினால் கை எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். முன் வரிசையில் இருக்கிறவர்கள் குனிந்துதான் பாடுவார்கள். ஆறாயிரத்து நானூறு. "கர்த்தருடைய நாள்ல ஊர் சுத்தினியா!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் எங்கள் நாய் எழுந்து வெளியே போனது. "நடக்கலக்கா. பாட்டு நடத்தினேன்." தெரிந்துவிட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கை ஆட்டினால் அடி வரும் என்று அவரே சொல்லிவிட்டாரே! ஆனால் நீங்கள், "கர்த்தருக்காக ஆறாயிரம்" என்று சொல்லி அழ ஆரம்பித்துவிட்டீர்கள். அண்ணி, குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. உங்கள் தம்பி விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் வெள்ளந்தி.

அப்புறம் அடிக் கணக்கில் உங்கள் அணி ஜெயித்தது. பரிசாக வந்த எடைக்கருவியை, இவனால்தான் ஜெயித்தோம் என்று அவருக்கே அனுப்பிவைத்தீர்கள். ஏறி நின்றார். ஒரு வருஷம் பத்தாயிரம் பத்தாயிரமாக நடந்த மனுஷன் நாலு கிலோ ஏறியிருந்தார். நான் ஏறினேன். பதினொரு கிலோ குறைந்திருந்தேன். அதற்கு முன்னாலேயே கோவிலில் பெண்கள் என் பாவாடை இடுப்பைப் பார்த்து, "ஏன்டி பிசிலா, செமிசி உனக்குக் கிழங்கு போடறதில்லையா? எல்லாத்தையும் அவரே தின்னுடறாரா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவருக்கு அதுதான் அவமானமாக இருந்தது. எடைக்கருவியைக் கொண்டுபோய்ப் பன்றிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். குட்டிகளை நிறுத்துப் பார்க்கத்தான் அது பயன்பட்டது. அதைக் கழுவி உங்கள் சபைக்குத் திருப்பி அனுப்புகிறேன். கழுவினாலும் கொஞ்சம் வாடை இருக்கும்.

இது வரைக்கும் சிரிப்பு. நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அதற்கு மேல் எழுதத்தான் கை வரவில்லை. அவருடைய சர்க்கரைக்கு மருந்து மாற்ற நர்ஸ் வந்த நாளில், "இவர் நடக்கிறாரா?" என்று என்னைத்தான் கேட்டாள், அவரை இல்லை. நான் அவர் கையைத் தூக்கிக் கடிகாரத்தைக் காட்டினேன். பதினோராயிரம் இருந்தது அதில். "அடேயப்பா! அப்ப மருந்து இப்படியே இருக்கட்டும், இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம்" என்று எழுதிக்கொண்டு போனாள். அந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை. கையைத் தூக்கிக் காட்டியது நான். அந்த இரண்டு மாசம் முடிவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார். அடுப்பு மூட்டும்போதெல்லாம் அந்தக் கை என் கையில் இருக்கிறது. கனமான கை. அதை நான் தூக்காமல் இருந்திருக்கலாம். "இல்லம்மா, நாற்காலியிலதான் இருக்கார், திட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முப்பது வருஷத்தில் எத்தனையோ தடவை அவரைக் காட்டிக்கொடுத்திருக்கிறேன், அந்த ஒரு தடவை கொடுக்கவில்லை.

அன்று காலையும் கடிகாரம் என் கையில்தான் இருந்தது. நான் அடித்துக்கொண்டிருந்தேன், ஃபிஃபிதா ஏதோ அசிங்கமாகப் பாடிக்கொண்டிருந்தாள், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பத்தேகாலுக்கு ஆள் வந்தது. அடுத்த ஊருக்குப் போகிற ரோட்டில், வளைவில் இருக்கிற ஈரப்பலா மரத்தடியில் விழுந்து கிடந்தார் என்று. அங்கே எதற்குப் போனார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாட்டுத்தாள் வாங்க யாரையோ பார்க்கப் போயிருப்பார் என்று நினைத்தேன். தூக்கி வந்தவர்கள் அவருடைய தொப்பியையும் எண்ணெய் பட்ட ஒரு வெறும் தாளையும் என் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவருடைய பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

உயிர் போனது ஒன்பதரைக்கு என்று டாக்டர் சொன்னார். நீங்கள் விமானத்தில் வந்து இறங்கி, தலைமாட்டில் பாய்களுக்கு மேல் உட்கார்ந்து, போனை உயர்த்தி ஊருக்கே காட்டினீர்கள். "ஒன்பதரைக்கு உயிர் போச்சு. ஆனா பத்தேகால் வரைக்கும் என் தம்பி நடந்திருக்கான். பாருங்க! ஆயிரத்து எண்ணூறு அடி! அது அவனோட ஆத்துமா நடந்தது!" என்றீர்கள். கூட்டம் முழுக்க "ஆமென்" என்று அழுதது. போதகர் அதை எடுத்துக்கொண்டு, பரலோகம் தூரமில்லை, இங்கிருந்து ஆயிரத்து எண்ணூறு அடிதான் என்று அடக்கத்தில் பிரசங்கம் செய்தார். நான் கால்மாட்டில், முடியை வெட்டிக்கொண்டு, பாய்க்குள் முகத்தைப் புதைத்து இருந்தேன். எதிரே கூட்டத்தில் ஃபிஃபிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும். அந்த ஆயிரத்து எண்ணூறு ஆத்துமா இல்லை அண்ணி. அவர் ரோட்டில் கிடந்தபோது நான் சிரித்துக்கொண்டே அடித்த அடி. எழுந்து சொல்ல வேண்டும் என்று கால் துடித்தது. ஆனால் உங்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வெளிச்சத்துக்கு இப்போது உங்கள் கட்டைவிரலை விலையாகக் கொடுப்பீர்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ஆகையால் அண்ணி, நடந்ததால் அவர் சாகவில்லை. நடக்காததால் செத்தார். இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் டிராயரைத் திறந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். என்னைத் திட்டிக்கொண்டே நடங்கள், அப்போது தூரம் தெரியாது. அடுத்த டிரம்மில் எனக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். கல்லறைப் பூச்சுக்கு நீங்கள் வரும்போது ஊர் முன்னால் என்னை என்ன சொன்னாலும் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இரண்டு காலோடு வந்து சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களையும் சாலோமேயையும் அவள் பிள்ளைகளையும் உங்கள் சபையாரையும் தம் கையில் வைத்துக் காப்பாராக. உங்கள் முட்டிக்குப் பெலனும், என்னை மன்னிக்க மனசும் தருவாராக. ஃபிஃபிதா தன் மரியாதையைச் சொல்லச் சொன்னாள். முப்பத்தோராயிரத்தில் ஒன்பதாயிரம் தன்னுடையது என்பதையும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் பாதத்தருகே இருக்கும்
பிசிலா

பின்குறிப்பு. வியாழக்கிழமை. கப்பல் இன்னும் வராததால் கடிதம் என்னிடமே இருந்தது. மேலே எழுதியதை எல்லாம் கிழிக்க வேண்டும், ஆனால் மறுபடி இவ்வளவு எழுத என்னால் முடியாது. நேற்று அடுத்த ஊர் மாத்தா துக்கம் விசாரிக்க வந்தாள். ரோட்டோரம் கேக்கே பொரித்து விற்பாளே, அவள்தான். பெரிய பொட்டலம் ஒன்றை என் முன்னால் வைத்து அழுதாள். "ஒன்றரை வருஷமா வந்தாரும்மா. ஞாயித்துக்கிழமை தவிர ஒரு நாள் தப்பல. மழையில குடை புடிச்சிக்கிட்டு வந்தாரு" என்றாள். யார் என்று கேட்டேன். "உங்க புருஷன்தான். எங்க ஊர் வரைக்கும் நடந்தே வருவாரு. உங்க ஊர்க் கடையில அவருக்குக் கேக்கே குடுக்கக்கூடாதுன்னு நீங்க சொல்லி வெச்சிருந்தீங்களாமே? நாலு தின்னுவாரு. அஞ்சாவதைப் பொட்டலம் கட்டச் சொல்லுவாரு. 'இது பிசிலாவுக்கு. கைவலியோட வருவா' அப்படிம்பாரு." இவ்வளவு தூரம் நடக்கிறதைக் கடிகாரத்தில் காட்டக்கூடாதா என்று அவளும் கேட்டாளாம். "வேணாம் மாத்தா. அது போற வழியைப் படம் போட்டு அக்காவுக்குக் காட்டிடும்" என்றாராம்.

நடந்திருக்கிறார் அண்ணி. நான் போட்ட அடி எல்லாம் அவர் கணக்கில் வந்தது, அவர் போட்ட அடி எந்தப் போனுக்கும் வரவில்லை. அந்த எண்ணெய்த் தாள் என் பொட்டலம். உள்ளே இருந்ததை எந்தப் பன்றி தின்றதோ. போதகர் மனைவியிடம் அந்தப் பாயைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஃபிஃபிதா கேட்கிறாள்.

அதனால் நடந்து செத்தாரா, நடக்காமல் செத்தாரா என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நாலு கேக்கேயை மட்டும் குறைத்திருந்தால் இருந்திருப்பார் என்று நர்ஸ் சொல்கிறாள். நீங்கள் நடங்கள். போகிற வழியில் யாராவது அடுப்பு வைத்து உட்கார்ந்திருந்தால் வேறு ரோட்டில் போங்கள்.

இன்று காலை கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நான் அந்த ரோட்டில் போய் வந்தேன். உங்கள் போனில் ஏழாயிரத்து இருநூறு வந்திருக்கும். அது கொட்டாப்புளி இல்லை, கால்தான். இனி தினமும் வரும், உங்களுடையதும் வருகிறதா என்று அவர் போனில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஈரப்பலா மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றதைக் கடிகாரம் படம் போட்டுக் காட்டியிருக்கும். அதற்கு முன்னால் மாத்தா வீட்டு வாசலில் நின்றதையும் காட்டியிருக்கும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் அண்ணி. பாதியைத் தின்றேன், பாதியை அவர் விழுந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.